வால் எழுத்தைப் பாருங்கள், அண்ணே

பாலோ கடைத்தெருவில் சாயங்காலம் தே தாரிக் குடிக்க உட்கார்ந்தால் பேச்சு செம்பனை விலையில் தொடங்கி மழையில் வந்து நிற்கும். போன வாரம் அது லேப்டாப்பில் தொடங்கியது. செம்பனை ஆலையில் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் தம் கைப்பேசியை என் பக்கம் திருப்பி வைத்தார். திரையில் இரண்டு விளம்பரங்கள். அவருடைய மகன் படிவம் 2 படிக்கிறான். கேம் விளையாட லேப்டாப் கேட்கிறான், பள்ளிக்கூட வேலைக்கும் ஆகும் என்கிறான். "தம்பி, ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே விலைதான். ஒன்னுல ஐ7, 16 ஜிபி, ஒரு டிபி. இன்னொன்னுல ஐ5, 8 ஜிபி, 512. மொதல்லதுதானே நல்லது?"

அவர் ஒதுக்கி வைத்திருப்பது மூவாயிரம் வெள்ளி. நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் இப்போது மாதம் 1,700 வெள்ளி. ஏறக்குறைய இரண்டு மாத உழைப்பை ஒரு பெட்டிக்குள் போடப் போகிறார். அதனால் அவசரப்படாமல், கிளாஸில் இருக்கும் டீ ஆறும்வரை நாமும் சேர்ந்து இதைப் பார்க்கலாம்.

அவர் கேட்ட கேள்விக்கு யாரும் "ஆமாம்" என்றுதான் சொல்வார்கள். 7 பெரியது, 5 சின்னது. 16 பெரியது, 8 சின்னது. ஆனால் இரண்டாவது விளம்பரத்தின் அடியில், பொடி எழுத்தில் இன்னொரு வரி இருந்தது: ஆர்டிஎக்ஸ் 3050. முதல் விளம்பரத்தில் அப்படி ஒரு வரியே இல்லை. மகன் கேட்பது கேம் என்றால், முதலில் தேட வேண்டியது அந்த வரியைத்தான். பெற்றோர் பலரும் தவறவிடுவதும் அதைத்தான். அது ஏன் அவ்வளவு முக்கியம் என்பதைப் புரிந்துகொள்ள, கேம் ஓடும்போது பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

சாதாரண லேப்டாப் திரையில் குறுக்கே 1,920 புள்ளிகள், நெடுக்கே 1,080 புள்ளிகள். பெருக்கினால் 20 லட்சத்து 73 ஆயிரத்து 600. கேமில் பையன் ஒரு பக்கம் திரும்பினால், இத்தனை புள்ளிகளுக்கும் புதிதாக நிறம் கணக்கிட வேண்டும். மரத்தின் நிழல் எங்கே விழுகிறது, சுவர் எவ்வளவு வெளிச்சம், தண்ணீரில் என்ன தெரிகிறது என்று ஒவ்வொரு புள்ளிக்கும் தனிக் கணக்கு. படம் தடங்கலில்லாமல் ஓட, இதை நொடிக்கு 60 முறையாவது செய்ய வேண்டும். ஒரு நொடிக்குப் பன்னிரண்டு கோடிக்கும் மேல் புள்ளிகள்.

இதை யார் செய்வது? தோட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஐ5, ஐ7 என்று சொல்லப்படும் புராசசர் மண்டோர் மாதிரி. எந்த நிரையில் யார், எந்த வேலை முதலில், மழை வந்தால் என்ன செய்வது என்று யோசித்து முடிவெடுக்கிற வேலை அவருடையது. அறிவாளி, ஆனால் ஆள் கொஞ்சம்தான். ஒரு புராசசருக்குள் கோர் என்று சொல்லப்படும் எட்டு, பத்து பேர் இருப்பார்கள். கிராபிக்ஸ் கார்டு என்பது உரம் போட வரும் ஆள்கூட்டம். ஒவ்வொருவருக்கும் ஒரே சின்ன வேலை: தன் மரத்தடியில் ஒரு பிடி உரம். அந்த ஆர்டிஎக்ஸ் 3050-இன் 4 ஜிபி வகைக்குள் 2,048 சின்னக் கணக்கர்கள் இருக்கிறார்கள். இருபது லட்சம் புள்ளிகளுக்கு நிறம் போடுவது இந்தக் கூட்டத்தின் வேலை. கெட்டிக்கார மண்டோர் பத்துப் பேரை மட்டும் தோட்டத்தில் இறக்கிவிட்டு, ஆள்கூட்டத்தை அனுப்பாவிட்டால், மாலைக்குள் எத்தனை மரத்துக்கு உரம் போகும்?

முதல் விளம்பரத்தில் இருந்த ஐ7 லேப்டாப்பிலும் கிராபிக்ஸ் வேலைக்கு ஆள் இல்லாமல் இல்லை. புராசசருக்குள்ளேயே ஒரு சிறு குழு இருக்கும். அது தனக்கென்று நினைவகம் இல்லாமல், கணினியின் பொது நினைவகமான ரேமில் பங்கு வாங்கி வேலை செய்யும். பாடம் பார்க்க, அறிக்கை தட்டச்சு செய்ய, யூடியூப் பார்க்க அது தாராளம். எளிய கேம்களையும் ஓட்டிவிடும். கனமான கேமைக் கொடுத்தால்தான் திணறும்.

இன்னொரு செய்தியும் அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது. விளம்பரத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். முதலாவது ஐ7-1255யு. இரண்டாவது ஐ5-12450எச். அந்தக் கடைசி எழுத்தை, வால் எழுத்தைக் கவனியுங்கள். 'யு' என்றால் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் வகை. இன்டெல் அதற்குக் கொடுத்திருக்கும் அடிப்படை அளவு 15 வாட். 'எச்' என்றால் கடும் உழைப்புக்கான வகை. அடிப்படை அளவு 45 வாட். முன்னதில் வலுவான கோர் இரண்டு, சிக்கனக் கோர் எட்டு. பின்னதில் வலுவான கோரே நான்கு, சிக்கனக் கோர் நான்கு. நீண்ட நேரம் கனமான வேலை என்றால் அந்த ஐ5 இந்த ஐ7-ஐ முந்தும். ஐ7 என்பது மொத்தத்தில் உயர்ந்த ஜாதி என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஒரே வகைக்குள் ஒப்பிடத்தான் அந்த எண் உதவும். வகை மாறினால் உதவாது. இன்டெல் 2023-இன் இறுதியிலிருந்து புதிய லேப்டாப் புராசசர்கள் பெரும்பாலானவற்றில் 'ஐ' என்ற எழுத்தை விட்டுவிட்டது. கோர் 5, கோர் 7, கோர் அல்ட்ரா என்று இப்போது பெயர் வருகிறது. வால் எழுத்து மட்டும் அப்படியே இருக்கிறது, அதைப் பார்க்கும் பழக்கமும் வீண்போகாது.

அண்ணன் ஒரு மடக்கு குடித்துவிட்டு, "அப்போ ஆர்டிஎக்ஸ்னு எழுதியிருந்தா கண்ணை மூடிக்கிட்டு வாங்கிடலாமா?" என்றார். நல்ல கேள்வி. கண்ணைத் திறந்துதான் வாங்க வேண்டும். அங்கேயும் பெயர் ஒன்றாக இருந்து சரக்கு வேறாக இருக்கும்.

வீட்டு கேஸ் அடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே அடுப்புதான். குமிழைச் சிறிதாகத் திருகினால் பால் காயும், முழுதாகத் திருகினால் பிரியாணிச் சட்டி கொதிக்கும். கிராபிக்ஸ் கார்டுக்குள் போகும் மின்சாரமும் அப்படித்தான். ஆர்டிஎக்ஸ் 4050 என்ற ஒரே பெயரில் 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எந்த அளவிலும் லேப்டாப் செய்து விற்க என்விடியா நிறுவனம் இடம் தருகிறது. மெல்லிய, அழகான லேப்டாப்பில் சிறு தீ. தடித்த லேப்டாப்பில் பெருந்தீ. இரண்டிலும் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் ஒன்றுதான். இந்த அளவுக்கு டிஜிபி என்று பெயர். தயாரித்த நிறுவனத்தின் இணையப் பக்கத்தில், அந்த மாடலின் விவரப் பட்டியலில் கிராபிக்ஸ் வரிக்குப் பக்கத்தில் பெரும்பாலும் இருக்கும். கடையில் "இதன் டிஜிபி எத்தனை வாட்?" என்று கேளுங்கள். விற்பவருக்குத் தெரியாவிட்டால் சார்ஜரை எடுத்துப் பாருங்கள், அதன் முதுகில் பெரும்பாலும் வாட் அச்சிட்டிருக்கும். சார்ஜரே மொத்தம் 120 வாட்தான் தரும் என்றால், புராசசருக்கும் திரைக்கும் போக மீதி எவ்வளவு கிராபிக்ஸ் கார்டுக்குப் போகும் என்று நீங்களே கணக்குப் போட்டுவிடலாம்.

அடுத்தது கிராபிக்ஸ் கார்டுக்கென்று தனியாக இருக்கும் நினைவகம், விரேம். உரம் போடுகிறவர் கையில் இருக்கும் கூடை அது. கூடை சிறிதென்றால் அடிக்கடி ஸ்டோருக்கு ஓடி நிரப்பி வர வேண்டும், அந்த நேரத்தில்தான் படம் திக்கித் திக்கி நிற்கிறது. 4 ஜிபி கூடை இப்போது வரும் பெரிய கேம்களுக்குப் போதவில்லை. 6 ஜிபி என்றால் சமாளிக்கலாம், 8 ஜிபி நிம்மதி. இங்கேயும் ஒரு எச்சரிக்கை: ஆர்டிஎக்ஸ் 3050 என்ற பெயரில் 4 ஜிபி வகையும் உண்டு, பிறகு வந்த 6 ஜிபி வகையும் உண்டு. ஆர்டிஎக்ஸ் 2050 என்று இருந்தால், கூடை 4 ஜிபிதான், போக்குவரத்துப் பாதையும் குறுகல். விலை மிகவும் இறங்கி வந்தால் தவிர எடுக்க வேண்டாம்.

ரேம் விஷயத்தில் 8 ஜிபி இன்று குறைவு, 16 வேண்டும். அதற்காக 8 ஜிபி இருப்பதைக் கண்டவுடன் ஒதுக்கிவிடத் தேவையில்லை. பல கேமிங் லேப்டாப்களில் ரேமுக்கு இரண்டு பள்ளம் இருக்கும், ஒன்று காலியாக விடப்பட்டிருக்கும். இன்னொரு 8 ஜிபி துண்டைப் பின்னால் செருகிக்கொள்ளலாம். ஒரே துண்டாக இருப்பதைவிட இரண்டு துண்டாக இருந்தால் வேகமும் கூடும். ஒற்றை வழிப் பாதை இரட்டை வழியாவது போல. முன்பெல்லாம் இந்த வழியைத் தயங்காமல் சொல்வேன். 2025-இன் இறுதியிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறிவிட்டது. செயற்கை நுண்ணறிவுக்காகக் கட்டப்படும் பெரிய கணினி மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போகின்றன. அதனால் இப்போது இரண்டு விலையையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கோப்பு வைக்க எஸ்எஸ்டி 512 ஜிபி போதும். பெரிய கேம் ஒன்றே 100 ஜிபியைத் தின்றுவிடும் என்பதால் 256 வேண்டாம். திரை 144 ஹெர்ட்ஸ் என்று போட்டிருந்தால், நொடிக்கு 144 படம் காட்டும் வசதி இருக்கிறது என்று பொருள். பெட்டியால் 60 படம்தான் வரைய முடியும் என்றால் மீதி வசதி சும்மாதான் இருக்கும். அதற்காகக் கூடுதல் காசு தர வேண்டாம்.

இனிச் சொல்லப்போவதை வெளிநாட்டு வீடியோக்கள் அதிகம் பேசுவதில்லை. நம் ஊர் நிலநடுக்கோட்டிலிருந்து இரண்டு டிகிரிக்குச் சற்று மேலே இருக்கிறது. மதியம் மூன்று மணிக்குத் தகரக் கூரைக்குக் கீழே, ஏர்கான் இல்லாத அறையில், பையன் மெத்தை மீது லேப்டாப்பை வைத்து விளையாடுவான். லேப்டாப் அடியிலிருந்து காற்றை இழுத்து, பக்கவாட்டிலும் பின்னாலும் சூடாக வெளியே தள்ளுகிறது. மெத்தை அந்த மூச்சுத் துவாரத்தை அடைத்துவிடும். உள்ளே வெப்பம் 100 டிகிரியை நெருங்கும்போது புராசசர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். முதல் பத்து நிமிடம் பறந்த கேம் அரை மணிக்குப் பிறகு நொண்டுவது இதனால்தான். பையன் "இந்த லேப்டாப் சரியில்லப்பா, இன்னும் பெருசு வேணும்" என்பான். பத்து வெள்ளிப் பலகை ஒன்றை அடியில் வைத்து, பின்பக்கத்தைச் சற்றே உயர்த்தி, எதிரே ஒரு மேசை மின்விசிறியை ஓடவிட்டுப் பாருங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை உள்ளே சேரும் தூசியைத் துடைக்கக் கொடுங்கள். குளிர்சாதன அறையில் சோதித்துப் புகழப்பட்ட மெல்லிய லேப்டாப்பைவிட, கனமாக, பின்னால் அகலமான துவாரத்தோடு இருக்கிற ஒன்றுதான் நமக்குத் தோது. இடி இடிக்கத் தொடங்கினால் சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றிவிடச் சொல்லுங்கள். நம் ஊர் இடியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவும் பேசிவிட்டுத்தான் நான் அண்ணனிடம் கேட்டேன்: "தம்பி என்னென்ன கேம் விளையாடுறான்?" அவருக்குத் தெரியவில்லை. மகனைக் கைப்பேசியில் அழைத்தார். ரோப்லாக்ஸ், மைன்கிராஃப்ட், வாலரன்ட் என்று பதில் வந்தது. கொஞ்சம் தயங்கி, ஜிடிஏ 5 என்றும் வந்தது.

பையனிடம் கேட்க வேண்டிய கேள்வியே இதுதான், முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். ஏனென்றால் முதல் மூன்றும் எடை குறைந்த கேம்கள். ரோப்லாக்ஸ் 2006-இலும் மைன்கிராஃப்ட் முழு வடிவில் 2011-இலும் வந்தவை; பழைய கணினிகளிலும் ஓடும்படி செய்யப்பட்டவை. வாலரன்ட் 2020-இல் வந்தாலும், சாதாரணக் கணினி வைத்திருப்பவர்களும் விளையாட வேண்டும் என்றே எளிதாக அமைத்தார்கள். இவற்றுக்கு ஐந்தாயிரம் வெள்ளி லேப்டாப் தேவையே இல்லை. ஜிடிஏ 5 பெரியவர்களுக்கான கேம். ஐரோப்பியத் தரக்குறியீட்டில் அதற்கு 18 வயது என்றே போட்டிருக்கிறது. பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அதை மனத்தில் வைத்து லேப்டாப் வாங்க வேண்டாம் என்று அண்ணனிடம் நேராகவே சொன்னேன். சில வீடுகளில் பதில் மொபைல் லெஜெண்ட்ஸ், ஃப்ரீ ஃபயர் என்று வரும். அவை கைப்பேசிக்காகச் செய்யப்பட்டவை. அதற்காகக் கேமிங் லேப்டாப் வாங்கினால் போட்ட காசு வேலை செய்யாது.

கேம் விற்கும் பெரும்பாலான பக்கங்களில் கீழே இரண்டு பட்டியல் இருக்கும். குறைந்தபட்சத் தேவை என்று ஒன்று, பரிந்துரைக்கும் தேவை என்று இன்னொன்று. இரண்டாவது பட்டியலைப் பையனையே ஒரு தாளில் எழுதி வரச் சொல்லுங்கள். பள்ளியில் கணினி அறிவியல் அடிப்படை படிக்கிற பிள்ளைக்கு அது கடினமில்லை. ஆசையோடு செய்வான், தனக்கு எது தேவை என்றும் அவனுக்கே தெரிந்துவிடும்.

பழைய லேப்டாப் வாங்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. வாங்கலாம், ஒரு நிபந்தனையோடு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் நாள் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 ஓட வேண்டுமென்றால், இன்டெல் புராசசர் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியதாக இருக்க வேண்டும். ஐ5-8250 என்றால் முதல் எண் 8, எட்டாம் தலைமுறை. ஐ5-7200 என்றால் ஏழாம் தலைமுறை, விட்டுவிடுங்கள். வாலரன்ட் இன்னும் கண்டிப்பு. விண்டோஸ் 11-இல் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இயங்காவிட்டால் கேமே திறக்காது. அலுவலகங்கள் கழித்துவிட்ட லேப்டாப்கள் மலிவாகக் கிடைக்கின்றன. படிப்புக்கு அவை நல்ல உழைப்பாளிகள். ஆனால் பெரும்பாலானவற்றில் அந்த ஆள்கூட்டம், தனி கிராபிக்ஸ் கார்டு, இருக்காது.

எங்கே வாங்குவது? அரை மணி நேரத்தில் குளுவாங் போனால் கையில் எடுத்துப் பார்க்கலாம். இணையத்தில் சில நூறு வெள்ளி குறையலாம். எங்கே வாங்கினாலும், உத்தரவாதம் தயாரிப்பு நிறுவனத்தின் மலேசியக் கிளை தருவதா, கடைக்காரர் மட்டும் தருவதா என்று எழுத்தில் கேளுங்கள். ரசீது உங்கள் பெயரில் இருக்கட்டும். பொருள் பழுதாக வந்து, விற்றவர் கைவிரித்தால், மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரையிலான வழக்கை 5 வெள்ளிக் கட்டணத்தில், வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே தொடுக்கலாம். இணையத்தில் வாங்கியதற்கும் இது பொருந்தும். இது தெரியாமல் நம்மவர்கள் பலர் நட்டத்தைப் பேசாமல் ஏற்றுக்கொள்கிறார்கள் என்பது எனக்கு வருத்தம்.

ரசீது வருமான வரிக்கும் வேண்டும். உங்களுக்கோ துணைவருக்கோ பிள்ளைக்கோ வாங்கும் கணினி, கைப்பேசி, புத்தகம், இணையக் கட்டணம் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 2,500 வெள்ளி வரை வாழ்க்கைமுறை விலக்கு உண்டு. அந்த 2,500 வெள்ளி அப்படியே திரும்பி வரும் என்று நினைத்துவிட வேண்டாம். வரி போடும் வருமானத்திலிருந்து அது கழிக்கப்படும். நீங்கள் 6 விழுக்காட்டுப் படியில் இருந்தால் மிச்சம் 150 வெள்ளி. 11 விழுக்காட்டுப் படியில் இருந்தால் 275 வெள்ளி. வரியே கட்டாத சம்பளம் என்றால் இதில் பயன் இல்லை. தவணை விளம்பரங்களையும் இப்படியே பெருக்கிப் பாருங்கள்: மாதம் 120 வெள்ளி, 36 மாதம் என்றால் 4,320 வெள்ளி.

டீ முடிந்தபோது அண்ணன் என்னிடம் நேராகவே கேட்டார்: "நீயா இருந்தா என்ன வாங்குவே?" அவர் மகனுக்கு, இந்தக் கேம்களுக்கு, எஸ்பிஎம் வரை தாங்க வேண்டுமென்றால், 6 ஜிபி கொண்ட ஆர்டிஎக்ஸ் 3050 போதும். அதே விலைக்குப் பக்கத்தில் நல்ல வாட்டோடு 4050 கிடைத்தால் அதை எடுப்பேன். புராசசர் ஐ5 போதும், வால் எழுத்து எச். ரேமுக்கு இரண்டு பள்ளம். அதற்கு மேல் கடன் வாங்கிப் போக மாட்டேன். மிச்சமிருந்தால் ஒரு நல்ல மேசை, நாற்காலி வாங்குவேன்.

சனிக்கிழமை குளுவாங் போவதாகச் சொன்னார். நீங்களும் போகிறீர்கள் என்றால், அவன் எழுதிய தாளோடு பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். கடைக்காரர் "இது ஐ7 சார்" என்று தொடங்கினால், பொறுமையாகக் கேட்டுவிட்டு, கிராபிக்ஸ் என்ன, எத்தனை வாட் என்று கேளுங்கள்.